இனப்படுகொலைக்குப் பெயரிட்டவர்

1921இல் பேர்லின் வீதியில், ஆர்மேனியர் படுகொலையின் சூத்திரதாரி தலாத் பாஷாவை ஆர்மேனிய இளைஞர் ஒருவர் சுட்டுக் கொன்றார். ஒருவரைக் கொன்றவருக்கு வழக்கு உண்டு. ஓர் இனத்தையே கொன்றவரை விசாரிக்கச் சட்டமில்லையா? போலந்தில் படித்துக்கொண்டிருந்த யூத மாணவர் ரபேல் லெம்கினை இந்தக் கேள்வி விடவில்லை.

பின்னாளில் நாஜிகள் அவரது உறவினர் 49 பேரைக் கொன்றனர். அமெரிக்காவில் அகதியாக இருந்த லெம்கின், 1944இல் வெளியான தன் நூலில் அந்தக் குற்றத்துக்கு 'ஜெனோசைட்' என்று பெயரிட்டார். நாம் இனப்படுகொலை என்கிறோம்.

ஐ.நா. தாழ்வாரங்களில் தூதுவர்களை விடாமல் துரத்தினார். 1948 டிசெம்பர் 9இல் சாசனம் நிறைவேறியது. ஆனால் மொழியையும் நூலகங்களையும் அழிப்பதைக் குற்றமாக்கிய பகுதியை நாடுகள் வெட்டிவிட்டன. யாழ்ப்பாணத்தவருக்கு அந்த வெட்டின் கனம் தெரியும். இலங்கை 1950இல் இணைந்தது. அமெரிக்கா 1988 வரை இழுத்தடித்தது.

லெம்கின் 1959இல் நியூயோர்க்கில் வறுமையில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் ஒரு சிலரே.