குடை கொடுத்த கப்பல்

எங்க ஊரு பசியாவரம், பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்கு. நான் எட்டாவது படிக்கும்போது எறா வியாபாரி ஒருவர் விலையை ரொம்ப இறக்கிவிட்டார். அவருக்கு எறா கொடுக்கக் கூடாதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. மூணு நாள்தான் தாங்கியது. ஐஸ் தீர்ந்து எறா நாறிப்போச்சு. நாலாம் நாள் விடியலில் எங்க அப்பாவே கூடையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

அதனால்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை வரலாற்றைப் படிக்கையில், செக்கிழுத்த கதையோடு நிற்காமல் கணக்குப் பார்க்கத் தோன்றியது.

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. தூத்துக்குடியில் வக்கீல். அங்கிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல் தொழில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பல்தான். வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? கப்பல் கொடுத்தவர்களை நெருக்கிப் பின்வாங்க வைத்தான். இவர் கொழும்பில் வேறு கப்பல் பிடித்தார். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்களே வந்தன.

பிறகு கட்டணச் சண்டை. அவர்கள் ஒரு ரூபாய் என்றார்கள். இவர் எட்டணா என்றார். கடைசியில் அவர்கள் ஓசியில் ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தார்களாம்! அப்படியும் ஜனங்கள் காசு கொடுத்து சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். ஓசியை வேண்டாமென்று சொல்ல எவ்வளவு மனசு வேணும்! ஆனால் பெரிய கம்பெனி வருஷக்கணக்கில் நஷ்டம் தாங்கும், சின்னக் கம்பெனி தாங்காது. எங்க எறா கதைதான்.

1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அது ஜெயித்தது, கூலி கூடியது. எதிர்த்தவர்களுக்கு நாவிதர்கூட சவரம் செய்ய மறுத்தார்கள். சர்க்கார் பயந்தது அப்போதுதான். மார்ச் 12-ல் கைது. ஜூலையில் 40 வருஷத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும் கம்பெனிக்குத் தலை இல்லாமல் போனது. 1911-ல் மூடினார்கள். கப்பல் போட்டிக்காரனிடமே விலைபோனதுதான் என் வயிற்றெரிச்சல். கட்டணத்தில் மட்டும் மோதியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருப்பார் என்பது என் எண்ணம்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் உரிமையும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், வறுமைதான். பின்னாளில் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அந்த உரிமையைத் திரும்பப் பெற உதவினார். அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.