சாயங்களோடு வாழ்ந்த போல் ஏர்லிக்

உம்மாவின் கிளினிக் கொப்பியில் இருக்கும் குருதிப் பரிசோதனை அறிக்கைகளை வாசித்துச் சொல்வது எங்கள் வீட்டில் என் வேலை. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்பதால் வாப்பா அந்தப் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். உம்மாவுக்கு லூபஸ் என்ற நோய். உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி உடலையே தாக்கும் தன்நிர்ப்பீடன நோய்களில் அதுவும் ஒன்று.

அறிக்கையில் உள்ள சொற்களின் பொருளைத் தேடியபோது ஒரே மனிதரின் பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. இயோசினோபில் என்ற வெண்குழியத்தைத் தேடினாலும் அவர், நிரப்புப் புரதம் என்று தேடினாலும் அவர். ஆனால் உம்மாவுக்கு வந்திருப்பதைப் போன்ற நோயை உடல் அனுமதிக்காது என்று நம்பியவரும் அவர்தான். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

போல் ஏர்லிக் 1854 மார்ச் 14ஆம் திகதி ஸ்ட்ரேலென் என்ற சிறிய ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அன்று ஜேர்மனியரின் ஆட்சியிலிருந்த அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அவருடைய தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட் ஒரு மருத்துவ ஆய்வாளர். துணிகளுக்கு நிறமூட்டப் புதிதாகச் செய்யப்பட்ட இரசாயனச் சாயங்களை உடல் இழையங்களில் இட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பதை ஏர்லிக்குக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். அன்று பிடித்த ஆசை ஏர்லிக்கைக் கடைசிவரை விடவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியர்கள் மெச்சும் மாணவராக இருக்கவில்லை. பாடங்களை மனனம் செய்வது அவருக்கு வராது. விரல்களில் எப்போதும் நீலமும் சிவப்புமாகச் சாயக்கறை இருக்கும். ஆனாலும் ஒரு கேள்வியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு சாயம் ஒரு வகைக் கலத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் கலத்தில் பிடிக்காமல் போவது ஏன்? சாயத்துக்கும் கலத்துக்கும் இடையில் இரசாயனப் பொருத்தம் ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1878இல், 24 வயதில், சாயங்களைப் பற்றியே ஆய்வு எழுதி மருத்துவப் பட்டம் பெற்றார். ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் கலங்களையும், அடுத்த ஆண்டில் இயோசினோபில்களையும் உலகுக்குக் காட்டினார். இன்று எந்த ஆய்வுகூடத்தில் முழுக் குருதிப் பரிசோதனை செய்தாலும் வெண்குழியங்களை வகை பிரித்து எண்ணுகிறார்கள். அதற்கு வழி திறந்தவை அவருடைய சாயங்கள்.

1882 மார்ச் 24ஆம் திகதி பெர்லினில் ரொபேர்ட் கொக் காசநோயின் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஏர்லிக்கும் ஒருவர். உடனே அந்தக் கிருமிக்கு இன்னும் தெளிவாக நிறமூட்டும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தார். காயட்டும் என்று அணைந்திருந்த அடுப்பின் மேல் வைத்த கண்ணாடித் தகடுகள், யாரோ தெரியாமல் அடுப்பை மூட்டியதால் சூடாகி, அதனாலேயே நிறம் நன்றாகப் பிடித்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். சில ஆண்டுகளின் பின் அதே காசநோய் அவரையும் பிடித்தது. 1888இல் மனைவி ஹெட்விக்குடன் வெப்பமான எகிப்துக்குச் சென்று தங்கி, குணமடைந்து அடுத்த ஆண்டு திரும்பினார்.

அதன் பிறகு அவர் செய்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருள் வருகிறது. அதுதான் குன்றிமணி. உம்மும்மாவின் பழைய நகைப்பெட்டியில் சிவப்பும் கறுப்புமாக ஐந்தாறு மணிகள் இப்போதும் கிடக்கின்றன. முன்பு பத்தர்மார் அதை வைத்துத்தான் தங்கம் நிறுத்தார்களாம். அதன் பருப்பில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஏர்லிக் இந்த அப்ரினையும், ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் நஞ்சையும் எலிகளுக்கு மிக மிகச் சிறிய அளவில் கொடுக்கத் தொடங்கி, மெதுவாக அளவைக் கூட்டினார். சில வாரங்களில் அந்த எலிகள் மற்ற எலிகளைக் கொல்லும் அளவு நஞ்சைத் தாங்கின. குருதியில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகியிருந்தது. குன்றிமணிக்குப் பழகிய எலி ஆமணக்கின் நஞ்சைத் தாங்கவில்லை. ஒவ்வொரு நஞ்சுக்கும் உடல் தனித்தனியாக விடை தயாரிக்கிறது என்பது இதிலிருந்து புலனாயிற்று.

அவர் அத்தோடு நிற்கவில்லை. நஞ்சுக்குப் பழகிய தாய் எலியின் குட்டிகளுக்கும் பாதுகாப்பு இருப்பதைக் கண்டார். பழகாத எலியின் குட்டிகளைப் பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். அவற்றுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. தாய்ப்பாலோடு பிறபொருளெதிரியும் பிள்ளைக்குப் போகிறது என்பதை 1892இலேயே காட்டியவர் அவர்.

அந்தக் காலத்தில் தொண்டைக்கரப்பான் ஏராளமான சிறு பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தது. பேரிங் என்பவரும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் நஞ்சு முறிக்கும் சீரத்தைக் கண்டுபிடித்திருந்தாலும், ஒரு போத்தலின் வலிமை இன்னொரு போத்தலில் இருக்கவில்லை. அதை அளக்க நிலையான அலகொன்றை ஏற்படுத்தியவர் ஏர்லிக். அதன் பின்னரே எவ்வளவு கொடுப்பது என்று வைத்தியர்களால் கணக்கிட முடிந்தது.

1897இல் அவர் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். கலத்தின் மேற்பரப்பில் கைகள் போல நீட்டிக்கொண்டிருக்கும் பக்கச் சங்கிலிகள் உள்ளன. பூட்டும் சாவியும் போல நஞ்சு அவற்றில் பொருந்துகிறது. பிடிபட்ட கைகளுக்குப் பதிலாகக் கலம் தேவைக்கும் அதிகமாகப் புதிய கைகளை உற்பத்தி செய்கிறது. மிஞ்சியவை கழன்று குருதியில் மிதக்கின்றன. அவையே பிறபொருளெதிரிகள். இந்தக் கோட்பாடு முழுவதும் சரியல்ல. ஆனால் கலத்தின் மேற்பரப்பில் வாங்கிகள் உண்டு என்று நாங்கள் இன்று படிக்கும் பாடத்தின் விதை அதில் இருக்கிறது.

1899இல் பிராங்பேர்ட் நகரில் அவருக்குப் பெரிய நிறுவனம் ஒன்று கிடைத்தது. அங்கே யூலியுஸ் மோர்கன்ரொத் என்பவருடன் சேர்ந்து ஆடுகளை வைத்து ஆராய்ந்தார். ஓர் ஆட்டின் குருதியை இன்னோர் ஆட்டுக்கு ஏற்றினார்கள். ஏற்றுக்கொண்ட ஆட்டின் சீரம், வந்த ஆட்டின் செங்குழியங்களைச் சிதைத்தது. வேறு ஆடுகளின் செங்குழியங்களையும் சிதைத்தது. ஆனால் தன்னுடைய செங்குழியங்களை மட்டும் அது தொடவில்லை. உடல் தன்னையே அழிக்கும் ஆயுதத்தைச் செய்ய அஞ்சுகிறது என்று ஏர்லிக் முடிவு செய்தார். அந்த அச்சத்துக்கு இலத்தீன் மொழியில் ஹொரர் ஒட்டோடொக்சிகஸ் என்று பெயரும் வைத்தார்.

அவர் சொன்னதில் ஒரு நுட்பம் இருந்தது. தீங்கு நேராமல் தடுக்கும் ஒழுங்குகள் உடலில் உள்ளன என்பதே அவருடைய கருத்து. அந்த ஒழுங்குகள் எவை, அவை குலைந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் பின்வந்த பலர் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். உடல் தன்னைத் தாக்காது என்பது சட்டம் போல ஆகிவிட்டது. 1904இலேயே வியன்னாவில் டொனாத், லாண்ட்ஸ்டைனர் என்ற இருவர், குளிர் பட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும் நோயாளிகளின் குருதியில் அவர்களுடைய சொந்தச் செங்குழியங்களையே உடைக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார்கள். அப்படியிருந்தும் தன்நிர்ப்பீடனம் என்ற எண்ணம் மருத்துவ உலகில் இடம்பிடிக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்தது.

இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்தேன். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. ஏறத்தாழ இரண்டு வருடமாக உம்மா காலையில் விரல் மடக்க முடியாமல் கஷ்டப்பட்டார். ரொட்டிக்கு மா குழைக்க முடியவில்லை. வெயிலில் போய் வந்தால் இரு கன்னங்களும் சிவந்துவிடும். முதலில் செய்த சாதாரணப் பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. அறிக்கையில் இல்லாத வருத்தம் உடம்பில் எப்படி இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். சாச்சி கண்ணூறு என்றார். ஒரு பரீட்சைக் காலத்தில், தேநீர் கிடைக்காத கோபத்தில், வேலை செய்யப் பஞ்சிப்பட்டு வருத்தம் என்று சாட்டுச் சொல்வதாக உம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். உம்மா பதில் பேசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றித் தந்தார். அந்தக் கோப்பையை என்னால் மறக்க முடியவில்லை.

ஏர்லிக்கின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1908இல் அவருக்கும் ரஷ்யரான மெச்னிகொவுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கிருமிகளை விழுங்கும் கலங்களே உடலைக் காப்பதாக மெச்னிகொவும், குருதியில் மிதக்கும் பொருள்களே காப்பதாக ஏர்லிக்கின் பக்கத்தினரும் வாதாடி வந்தார்கள். இருவர் சொன்னதும் உண்மை என்று இன்று படிக்கிறோம். சாயம் ஒரு கலத்தை மட்டும் தேடிப் பிடிப்பது போல, மருந்தும் கிருமியை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த கனவு. நூற்றுக்கணக்கான ஆசனிக் சேர்வைகளைப் பரிசோதித்தார். 1909இல் ஜப்பானியரான ஹாட்டாவுடன் சேர்ந்து, 606ஆம் இலக்கச் சேர்வை சிபிலிஸ் நோய்க்கிருமியைக் கொல்வதைக் கண்டார். அது அடுத்த ஆண்டு சல்வர்சான் என்ற பெயரில் வெளிவந்தது. புகழோடு எதிர்ப்பும் பழியும் சேர்ந்தே வந்தன. ஓயாமல் சுருட்டுப் புகைத்தபடி, உதவியாளர்களுக்கு நாள்தோறும் வர்ணத் தாள்களில் கட்டளை எழுதிக் கொடுத்தபடி உழைத்தவர், 1915 ஓகஸ்ட் 20ஆம் திகதி, 61 வயதில் காலமானார்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது, யூதர் என்ற ஒரே காரணத்தால் அவருடைய பெயர் வீதியிலிருந்து அகற்றப்பட்டது. ஹெட்விக் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. போருக்குப் பின் ஜேர்மனி அவரை மீண்டும் நினைவுகூர்ந்தது. 200 மார்க் நாணயத்தாளில் அவருடைய படம் அச்சிடப்பட்டது.

இனி உம்மாவின் அறிக்கைக்கு வருகிறேன். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்சும் அவருடைய குழுவினரும் லூபஸ் நோயாளிகளின் என்பு மச்சையில், இன்னொரு கலத்தின் கருவை விழுங்கிய வெண்குழியங்களைக் கண்டார்கள். பிறகுதான் நோயாளியின் குருதியில் கருவுக்கே எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பது தெளிவாயிற்று. அவற்றைத் தேடுவதுதான் ஏ.என்.ஏ. பரிசோதனை. கலங்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் நோயாளியின் சீரத்தை இட்டு, ஒளிரும் சாயம் கட்டிய இன்னொரு பிறபொருளெதிரியை அதன் மேல் இடுவார்கள். கரு பச்சையாக ஒளிர்ந்தால் விடை ஆம். உடல் தன்னைத் தாக்காது என்று நம்பியவர் வாழ்நாள் முழுவதும் நேசித்த சாயமே, தாக்குகிறது என்பதைக் காட்டிக் கொடுக்கிறது.

சுகமாக இருக்கும் சிலருக்கும் ஏ.என்.ஏ. நேர்விடை வருவதுண்டு. அதனால் வைத்தியர்கள் அதை மட்டும் நம்புவதில்லை. இரட்டை இழை டி.என்.ஏ.க்கு எதிரான பிறபொருளெதிரியையும் பார்க்கிறார்கள். இறந்த கலங்களிலிருந்து வெளிவரும் டி.என்.ஏ.யோடு அது சேர்ந்து சிறுநீரகத்தின் வடிகளில் படிந்தால் அங்கே அழற்சி உண்டாகும். அப்போது சீ3, சீ4 என்ற நிரப்புப் புரதங்கள் செலவாகிக் குருதியில் குறைந்துவிடும். நிரப்பி என்ற பொருளில் கொம்பிளிமென்ட் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவரும் ஏர்லிக்கே.

உம்மா தினமும் விழுங்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்கும் அவரோடு தொடர்பு உண்டு. 1891இல் அவர் மெதிலீன் நீலம் என்ற சாயத்தை மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்துக் குணம் கண்டார். அந்தச் சாயத்தை மாற்றி மாற்றிச் செய்துபார்த்த வழியில்தான் பிற்கால மலேரியா மருந்துகள் பிறந்தன. அவற்றில் சில லூபசையும் தணிப்பது பின்னர் தெரியவந்தது.

சென்ற மாத அறிக்கையில் உம்மாவின் சீ3 கொஞ்சம் ஏறியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ். அதை வாசித்துச் சொன்ன அன்றுதான் அந்தத் தேநீர் நாளுக்காக மன்னிப்புக் கேட்டேன். உம்மாவுக்கு அது நினைவில் இருந்தது. மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை. என் தலையைத் தடவிவிட்டு, கண் பரிசோதனைக்கு எப்போது போக வேண்டும் என்று கொப்பியைப் பார்க்கச் சொன்னார். அந்த மருந்தை எடுப்பவர்கள் ஒழுங்காகக் கண்களைப் பரிசோதிக்க வேண்டும்.

ஏர்லிக் பிழைவிட்டதால் சிறியவராகிவிடவில்லை. அவர் தந்த சாயமும் அளவும் சொற்களும் இல்லாமல் அந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. நான் அவருடைய வாழ்விலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: நமக்குத் தெரிந்த அளவுக்குள் அடங்கவில்லை என்பதால் ஒன்று இல்லாமல் போய்விடாது. உங்கள் வீட்டிலும் யாராவது உடம்பு முடியவில்லை என்று சொன்னால், அறிக்கை வரும்வரை காத்திராமல் முதலில் அவர்களை நம்புங்கள்.