மரத்தடியில் பாடம், வயலில் கணக்கு: பள்ளிக்கூடமே பிடிக்காத தாகூர் பள்ளி தொடங்கிய கதை

ரவீந்திரநாத் தாகூர்னா நமக்கு சட்டென நினைவுக்கு வருவது தேசிய கீதமும் நோபல் பரிசும்தான். ஆனால் 40 வருஷம் அவர் தன் பணத்தையும் உழைப்பையும் கொட்டியது ஒரு பள்ளிக்கூடத்துக்கு. இத்தனைக்கும் சின்ன வயசில் பள்ளி என்றாலே அவருக்கு ஆகாது!

சாக்பீஸ் வட்டத்துக்குள் ஒரு சிறுவன்

1861 மே 7-ல் கொல்கத்தாவின் ஜொராசாங்கோ மாளிகையில் பிறந்தவர் தாகூர். பெரிய பணக்காரக் குடும்பம். ஆனால் பையன் வளர்ந்தது வேலைக்காரர்களின் கண்காணிப்பில். அவர்களில் ஒருவர் தரையில் வட்டம் போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று மிரட்டி உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவாராம். ஜன்னல் வழியாகத் தெரியும் குளமும் ஆலமரமும்தான் துணை.

பள்ளிகள் மாறிக்கொண்டே இருந்தன, எதுவும் ஒட்டவில்லை. நான்கு சுவருக்குள் மனப்பாடம் செய்வது சிறை மாதிரி இருந்தது. பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டார்.

அதற்கு முன், 1873-ல், அப்பா தேவேந்திரநாத் அவரை வெளியூர் கூட்டிப்போனார். முதலில் போல்பூர் பக்கம் இருந்த சாந்திநிகேதன், பிறகு இமயமலையில் டல்ஹவுசி. பகலில் சமஸ்கிருதம், ஆங்கிலம். இருட்டினால் வானத்தைக் காட்டி நட்சத்திரப் பாடம். வகுப்பறையில் ஒட்டாத பையனுக்கு இது மட்டும் அப்படியே மனதில் தங்கிவிட்டது.

5 மாணவர்களோடு தொடக்கம்

1901 டிசம்பர் 22. அதே சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் வெறும் 5 பேர், அதில் ஒருவர் சொந்த மகன் ரதீந்திரநாத். காசு பத்தவில்லை. மனைவி மிருணாளினி நகைகளைக் கொடுத்தார், பூரியில் இருந்த வீடும் விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே மிருணாளினி இறந்துபோனார். 1903-ல் மகள் ரேணுகா, 1905-ல் அப்பா, 1907-ல் கடைக்குட்டி மகன் சமீந்திரநாத். இவ்வளவு இழப்புக்கு நடுவிலும் பள்ளியை மட்டும் மூடவில்லை.

சரி, பாடம் எப்படி நடந்தது?

வகுப்பு மரத்தடியில். அவரவர் ஆசனப் பாயை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். சுற்றுச்சூழல் என்று தனியாக ஒரு பீரியட் கிடையாது, அது எல்லாப் பாடத்துக்குள்ளும் கலந்திருந்தது. அறிவியல் ஆசிரியர் ஜகதானந்த ராய் இயற்கையையே பாடமாக்கினார். மழை வந்தால் மழைப் பாட்டு, சரத் காலம் வந்தால் அதற்கென்றே தாகூர் எழுதிய நாடகம், நடிப்பது மாணவர்கள். அரிப்பெடுத்த செம்மண் நிலமும் கோபாய் ஆறும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன.

1906-ல் இன்னொரு காரியம் செய்தார். வசதியான குடும்பங்கள் பிள்ளைகளை வக்கீல் படிப்புக்கு லண்டன் அனுப்பிய காலம் அது. தாகூரோ மகனை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விவசாயம் படிக்க அனுப்பினார். ஒரு ஜமீன்தார் இப்படிச் செய்தது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை.

கழிப்பறைக் குழியிலிருந்து ஆரம்பித்த பாடம்

1922-ல் பக்கத்து கிராமமான சுருலில் ஸ்ரீநிகேதன் பிறந்தது. பொறுப்பேற்றவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், கார்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்த ஆங்கிலேயர். இங்கே சேர்ந்த மாணவர்கள் தங்கள் கழிவைத் தாங்களே குழி தோண்டி மூடி, உரமாக்க வேண்டும். மண் அறிவியல், சுகாதாரம், சாதி என மூன்றையும் ஒரே வேலை தொட்டுவிட்டது.

1924-ல் ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்காக சிக்ஷா சத்ரா என்ற பள்ளி வந்தது. பிள்ளைகளுக்குத் தோட்டப் பாத்தி, சமையல், நெசவு. பாத்தியை அளந்தால் கணக்கு, செடியைக் கவனித்தால் அறிவியல். 1928-ல் மரம் நடும் விழாவும், ஏர் பூட்டும் விழாவும் தொடங்கின.

ஆனால் எல்லாம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. சாந்திநிகேதன் பள்ளிக்கு வந்த நடுத்தர வர்க்கப் பெற்றோருக்கு மெட்ரிகுலேஷன் தேர்வு முக்கியம். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பள்ளி தேர்வுப் பக்கம் சாய்ந்தது, தாகூருக்கு அதில் வருத்தம். தன் கனவுக்கு நெருக்கமானது சிக்ஷா சத்ராதான் என்று கருதினார். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே வரவில்லை. நம்ம ஊர் பெற்றோருக்கும் இது புரியாத சிக்கல் இல்லை.

யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர்

தாகூரிடம் செயலாளராக இருந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகம். 1930-ல் அவரோடு ரஷ்யா போனவர். பிறகு காந்தியிடம் போய், 1937-ல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தை மனைவி ஆஷா தேவியோடு சேவாகிராமில் நடத்தினார். கைத்தொழில் வழியாகப் பாடம் என்ற அந்தத் திட்டம் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

அதே 1937-ல், 76 வயதில், பிள்ளைகளுக்காக விஸ்வ பரிசய் என்ற அறிவியல் புத்தகம் எழுதினார் தாகூர். இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸுக்குச் சமர்ப்பணம். டல்ஹவுசியில் அப்பா காட்டிய அந்த நட்சத்திரங்கள் இதிலும் உண்டு.

1941 ஆகஸ்ட் 7-ல் தாகூர் மறைந்தார், வங்க நாட்காட்டிப்படி சிராவண மாதம் 22. விஸ்வபாரதி 1951-ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. 2023-ல் சாந்திநிகேதன் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரம் நடும் விழா இப்போது நடப்பது அவர் மறைந்த அந்த சிராவணம் 22-ல்தான்.