அடைப்புக்குறிக்குள் ஒரு மனிதர்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோதே, சட்டத்தைப் பற்றி எழுதி ஆளைத் தூங்க வைத்துவிடாதே என்று அன்போடு எச்சரித்துவிட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். எனவே சட்டத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஓர் அசட்டுத்தனம்.

நம் கல்லூரியில் பட்டம் வாங்கி, சட்டமும் படித்து முடித்து, ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிது. ஒரு துண்டுச் சீட்டில் 4 வீட். 316 என்று எழுதிக் கொடுத்து, இந்த அமெரிக்க வழக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, தேடி எடுத்து வா என்றார். ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளைப் பார்த்தால் கோதுமை என்றுதான் படிக்க வரும். அமெரிக்காவில் கோதுமை அதிகம் விளையும் என்பது பள்ளிக்கூடத்துப் பூகோளம். ஆகவே ஏதோ கோதுமை வியாபாரத் தகராறு என்று முடிவு கட்டி, சரக்கு விற்பனைச் சட்டப் புத்தகங்களை அரை நாள் புரட்டினேன். விஷயம் தெரிந்ததும் ஆபீஸே சிரித்தது. குமாஸ்தா பல மாதங்கள் என்னைக் கோதுமை சார் என்றே கூப்பிட்டார்.

அது கோதுமை இல்லை. ஒரு மனிதரின் பெயர். ஹென்றி வீட்டன். அவர் தொகுத்த நான்காவது தொகுதி, 316-ஆம் பக்கம் என்று அர்த்தம். அங்கே இருப்பது 1819-ல் தீர்ப்பான மெக்கல்லக் எதிர் மேரிலாண்ட் வழக்கு. மத்திய அரசு தொடங்கிய வங்கிக்கு ஒரு மாநிலம் வரி போட முடியுமா என்ற கேள்வி. அரசியல் சட்டம் படிக்கிற யாரும் இன்றைக்கும் தாண்டிப் போக முடியாத தீர்ப்பு. சொன்னவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். ஆனால் வழக்கின் முகவரியில் இருப்பதோ வீட்டனின் பெயர்! இது எப்படி என்று தேடப் போய்த்தான் அவர் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

வீட்டன் 1785 நவம்பர் 27-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். தகப்பனார் வியாபாரி. பிற்காலத்தில் பிரவுன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய கல்லூரியில் 1802-ல், பதினேழு வயது நிரம்புவதற்கு முன்பே பட்டம் பெற்றார். பிறகு பிரான்சுக்குப் போய்ப் புவாத்தியே நகரில் அந்த நாட்டுச் சட்டம் படித்தார். லண்டனிலும் சில காலம் இருந்தார். ஊர் திரும்பி வக்கீல் தொழில் நடத்தி, 1812-ல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, நேஷனல் அட்வகேட் என்ற பத்திரிகைக்கு ஆசிரியரானார். பேனாவும் கருப்பு அங்கியும் இரண்டுமே கைக்கு வந்தன. 1815-ல் கடல் போரில் பிடிபடும் கப்பல்கள் பற்றி ஒரு சட்ட நூல் எழுதினார். அதே ஆண்டு நியூயார்க்கில் மரைன் கோர்ட் என்ற சிறிய நீதிமன்றத்தில் நீதிபதியானார். வயது முப்பது.

அந்தக் காலத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகள் எப்படி வெளியே வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்குக் காலையில் சொன்ன தீர்ப்பு மதியத்துக்குள் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அன்று கோர்ட் தன் தீர்ப்பைத் தானே அச்சிடவில்லை. ஆர்வமுள்ள ஒருவர் கோர்ட்டில் உட்கார்ந்து குறிப்பு எடுத்து, நீதிபதிகள் எழுதியதை வாங்கிச் சேர்த்து, சொந்தப் பொறுப்பில் புத்தகமாகப் போட்டு விற்பார். அவரை ரிப்போர்ட்டர் என்பார்கள். முதலில் டாலஸ் என்பவர் 4 தொகுதிகள் போட்டார். அதில் முதல் தொகுதியில் சுப்ரீம் கோர்ட் வழக்கு ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் பென்சில்வேனியா மாநில வழக்குகள்! அடுத்து கிரான்ச் 9 தொகுதிகள். அவர் இன்னொரு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். வேலைப் பளுவில் புத்தகங்கள் வெளிவரத் தாமதமாயின. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் என்ன சொன்னது என்பது ஊர் வக்கீலுக்கும் கீழ்க்கோர்ட் நீதிபதிக்கும் தெரியாத நிலை. தெரியாத சட்டத்தை யார் எப்படிப் பின்பற்றுவது?

1816-ல் இந்த வேலைக்கு வீட்டன் வந்தார். கோர்ட்டே முறைப்படி நியமித்த முதல் ரிப்போர்ட்டர் அவர்தான். பிப்ரவரியில் கோர்ட் கூடும்போது வாஷிங்டன் போவார். நீதிபதிகள் ஒரே விடுதியில் சேர்ந்து தங்குவது அன்றைய வழக்கம். அவர்களில் பெரும் படிப்பாளியான ஜோசப் ஸ்டோரியும் வீட்டனும் நெருங்கிய நண்பர்களானார்கள். புத்தகத்தின் பின்பக்கத்துச் சட்டக் குறிப்புகள் பலவற்றை ஸ்டோரியே எழுதித் தந்தார், தன் பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1817-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ரிப்போர்ட்டருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம் என்று சட்டம் போட்டது. தீர்ப்பு வந்த ஆறு மாதத்துக்குள் புத்தகம் அச்சாக வேண்டும், 80 பிரதிகளை அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. இந்த 80 பிரதிகளை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

வீட்டன் ஆண்டு தவறாமல் வேலையை முடித்தார். 1816 முதல் 1827 வரை 12 தொகுதிகள். வக்கீல்களின் வாதச் சுருக்கம், தலைப்பில் தீர்ப்பின் சாரம், அடிக்குறிப்பு, அகராதி வரிசை என்று ஒழுங்கான புத்தகங்கள். மார்ஷலின் பொற்காலத் தீர்ப்புகள் பல அவற்றில்தான் இருக்கின்றன.

நம்மைப் போன்ற பழைய மாணவர்களுக்குப் பிடித்த ஒரு வழக்கும் அதே நான்காம் தொகுதியில் 518-ஆம் பக்கத்தில் இருக்கிறது. டார்ட்மத் கல்லூரியின் சாசனத்தை நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசு 1816-ல் தன் இஷ்டத்துக்கு மாற்றியது. கல்லூரிக்காக சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியவர் அதே கல்லூரியின் பழைய மாணவரான டேனியல் வெப்ஸ்டர். 1819-ல் கல்லூரி ஜெயித்தது. கடைசியில் வெப்ஸ்டர் தன் கல்லூரியை நினைத்து உருகிப் பேசியதாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த உருக்கம் வீட்டனின் புத்தகத்தில் இல்லை. அங்கே இருப்பது வாதம் மட்டும்தான்.

1823-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஓர் இடம் காலியானது. வீட்டனின் பெயரும் அடிபட்டது. கிடைக்கவில்லை, ஸ்மித் தாம்சன் என்பவருக்குப் போனது. 1827-ல் வேலையை விட்டுவிட்டு, அமெரிக்காவின் பிரதிநிதியாக டென்மார்க் போனார். தன் 12 தொகுதிகளும் தொடர்ந்து விற்றுப் பிழைப்புக்குக் கை கொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை.

அந்த இடத்துக்கு வந்தவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ். கெட்டிக்காரர். டாலஸ், கிரான்ச், வீட்டன் ஆகிய மூவரின் 25 தொகுதிகளும் சாதாரண வக்கீலுக்குக் கட்டுப்படியாகாத விலை. அவற்றைச் சுருக்கி ஆறே தொகுதிகளாக்கி மலிவாகப் போட்டால் என்ன என்று யோசித்தார், செய்தும் காட்டினார். மலிவுப் பதிப்பு வந்தபின் பழைய தொகுதிகளை யார் வாங்குவார்கள்? கோபன்ஹேகனில் இருந்த வீட்டனுக்கு வயிற்றில் அடித்த மாதிரி ஆனது. 1831-ல் வழக்குப் போட்டார்.

இங்கே நம் ஹாஸ்டல் ஞாபகம் வருகிறது. எங்கள் செட்டில் ஒருவனுடைய நோட்ஸ்தான் பரீட்சைக்கு முந்தின இரவு எல்லா அறையிலும் சுற்றும். பாடம் புரொபசர் நடத்தியது. வெயிலோ மழையோ ஒரு வகுப்பு விடாமல் எழுதி, அழகாகத் தலைப்பிட்டு, சிவப்பு மையில் கோடு போட்டது அவன். அந்த நோட்ஸ் யாருடையது? வீட்டன் வழக்கின் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே வித்தியாசம், அங்கே பாடம் என்பது நாட்டின் சட்டம்.

பென்சில்வேனியாவில் கீழ்க்கோர்ட் பீட்டர்ஸ் பக்கம் சாய்ந்தது. மேல்முறையீடு எங்கே போனது? எந்தக் கோர்ட்டின் தீர்ப்புகளை வீட்டன் 12 வருஷம் அச்சிட்டாரோ, அதே கோர்ட்டுக்கு! ஒரு பக்கம் பழைய ரிப்போர்ட்டர், எதிர்ப்பக்கம் தற்போதைய ரிப்போர்ட்டர். வீட்டனுக்காக வாதாட வந்தவர் அதே வெப்ஸ்டர்.

1834-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி மெக்லீன். புத்தகம் அச்சாகி வெளியே வந்தபின் ஆசிரியருக்கு நிரந்தர உரிமை என்று ஒன்று தானாகக் கிடையாது, சட்டம் கொடுத்தால்தான் உண்டு என்றது கோர்ட். சட்டம் சொன்ன சடங்குகளை, அதாவது பதிவு, பத்திரிகை விளம்பரம், ஆறு மாதத்துக்குள் அரசுக்குப் பிரதி ஆகியவற்றை ஒன்று விடாமல் செய்திருக்க வேண்டும். அரசுக்கு 80 பிரதி கொடுத்தோமே என்ற வாதம் எடுபடவில்லை. அது சம்பளத்துக்காகக் கொடுத்தது, பதிப்புரிமைச் சட்டம் கேட்டது வேறு. சடங்குகள் நடந்தனவா என்று விசாரிக்க வழக்கு கீழே திருப்பி அனுப்பப்பட்டது. தாம்சனும் பால்ட்வினும் வீட்டனுக்குச் சாதகமாக மாறுபட்டார்கள். வீட்டனுக்குக் கிடைக்காத நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே தாம்சன்தான்! நண்பர் ஸ்டோரியோ பெரும்பான்மையோடு நின்றார். அந்த நட்பு அதோடு முறிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒன்றாக இருந்தார்கள். நீதிமன்றத்தின் தீர்ப்புரை எந்த ரிப்போர்ட்டருக்கும் சொந்தமில்லை. நீதிபதிகளே விரும்பினாலும் அந்த உரிமையை ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

வீட்டன் எதிர் பீட்டர்ஸ் வழக்கை நாம் எங்கே படிக்கிறோம் தெரியுமா? 8 பீட்டர்ஸ், பக்கம் 591. தோற்றவரின் வழக்கை ஜெயித்தவரே தொகுத்து வைத்திருக்கிறார்.

வீட்டன் மனம் உடைந்தார், ஆனால் சும்மா இருக்கவில்லை. 1836-ல் சர்வதேசச் சட்டத்தின் அடிப்படைகள் என்ற பெரிய நூலை வெளியிட்டார். டென்மார்க்குக்குப் பிறகு பிரஷ்யாவில் 1846 வரை தூதராக இருந்தார். ஊர் திரும்பி அதிக காலம் இருக்கவில்லை. 1848 மார்ச் 11-ல் காலமானார். அதே ஆண்டு மே மாதம் பீட்டர்ஸும் போய்ச் சேர்ந்தார். பீட்டர்ஸையும் 1843-லேயே அந்த வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். கீழே போன வழக்கு இருவர் ஆயுளுக்குள்ளும் முடியவில்லை.

அவர் நூல் மட்டும் பயணம் போனது. மார்ட்டின் என்ற பாதிரியார் அதைச் சீன மொழியில் பெயர்த்தார். 1864-ல் சீனக் கடற்கரையில் ஒரு பிரஷ்யக் கப்பல் டென்மார்க்கின் வணிகக் கப்பல்களைப் பிடித்தபோது, சீன அரசு வீட்டனின் விதியை எடுத்துக்காட்டி அவற்றை விடுவிக்க வைத்தது. அவர் தூதராக இருந்த இரண்டு நாடுகளுக்கு இடையே, அவர் இறந்து 16 வருஷம் கழித்து, அவர் புத்தகம் பஞ்சாயத்து பண்ணியது!

அமெரிக்காவில் 1875 முதல் தொகுதிகளுக்கு ரிப்போர்ட்டர் பெயர் போய், நாட்டின் பெயரே வந்தது. பழைய ஏழு பேரின் 90 தொகுதிகளுக்கும் பின்தேதியிட்டு வரிசை எண் கொடுத்தார்கள். வீட்டனின் நான்காம் தொகுதி இப்போது 17. ஆகவே என்னை அலைய வைத்த வழக்கை இன்று 17 யு.எஸ். (4 வீட்.) 316 என்று எழுத வேண்டும்.

அவர் தோற்ற வழக்கின் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். 2020-ல் ஜார்ஜியா மாநிலம் தன் சட்டத் தொகுப்பின் விளக்கக் குறிப்புகளுக்குப் பதிப்புரிமை கேட்டபோது, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இந்த 1834 தீர்ப்பையும் ஆதாரமாக வைத்து மறுத்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், நீதிமன்றம் தடை செய்யாத தீர்ப்பை எவரும் மறுபதிப்புச் செய்யலாம் என்கிறது. தொகுப்பவரின் உழைப்பு வீணில்லை. ஹெட்நோட் போன்று அவர் சொந்தமாகச் சேர்ப்பதற்குப் பாதுகாப்பு உண்டு என்று 2007-ல் நம் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் சொன்னது. 2023 முதல் நம் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்புகளுக்குத் தானே எண் கொடுக்கிறது. எந்தப் பதிப்பாளரின் பெயரும் அதில் இல்லை.

சட்டம் எல்லோருக்கும் சொந்தம் என்ற முடிவு சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு வருத்தம் உண்டு. அந்தச் சட்டத்தை எல்லோர் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க 12 வருஷம் உழைத்தவர்தான் அந்த முடிவுக்கு விலை கொடுத்தார். மாணவத் தம்பி தங்கைகளே, நூலகத்தில் எங்காவது அந்த அடைப்புக்குறியைப் பார்த்தால் கோதுமை என்று படிக்காதீர்கள். உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார்.

எங்கள் செட் நோட்ஸ் நண்பன் இந்த வருஷ சந்திப்புக்கு வருகிறானாம். அவனுக்கு நாங்கள் எல்லோரும் ஒரு காபி கடன் பட்டிருக்கிறோம். கேன்டீனில் வாங்கித் தந்துவிட வேண்டும்.