நாலு கோல் போட்ட நெவில் டிசோசா



கால்பந்துன்னு சொன்னாலே ஜெர்மனி, பிரேசில், அர்ஜென்டினான்னு நாம அடுக்குவோம். நல்லா கோல் போடுற ஆள் யாருன்னு கேட்டா வெளிநாட்டுக்காரர் பேர்தான் வாயில வரும். அதனால் இந்த முறை நம் நாட்டு முன்கள வீரர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர்தான் நெவில் டிசோசா.

இவர் 1932ஆம் ஆண்டு கோவாக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பேர் வாங்கியது பம்பாய் மைதானங்களில். அந்தக் காலத்தில் பந்து ஆடினால் கோடிக்கணக்கில் சம்பளம் எல்லாம் கிடையாது. கம்பெனிகள் வேலை கொடுத்துத் தங்கள் அணியில் ஆடச் சொல்வார்கள். இவரும் டாட்டா, கால்டெக்ஸ் அணிகளுக்கு ஆடினார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அந்தக் குளிரிலும் நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள்! அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

அடுத்த ஒலிம்பிக் 1956இல் மெல்போர்னில் நடந்தது. நெவில் இந்திய அணியில் இருந்தார். பயிற்சியாளர் ஹைதராபாத்காரரான சையத் அப்துல் ரஹீம். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்.

முதல் சுற்றில் நம்மோடு மோத வேண்டிய ஹங்கேரி விலகிக்கொண்டது. ஜெர்மனி சோவியத் யூனியனிடம் தோற்று முதல் சுற்றிலேயே ஊருக்குப் போய்விட்டது. டிசம்பர் 1ஆம் தேதி காலிறுதியில் நமக்கு எதிரே ஆஸ்திரேலியா. சொந்த மண், சொந்த சனம், எல்லாம் அவங்க பக்கம்தான்.

9ஆவது நிமிடத்தில் நெவில் ஒரு கோல் போட்டார். ஆஸ்திரேலியா சமன் செய்தது. 33இல் இன்னொன்று. அதையும் சமன் செய்தார்கள். விடுவாரா நெவில்? 50ஆவது நிமிடத்தில் மூணாவது கோல், ஹாட்ரிக்! கடைசியில் கிட்டு ஒன்று போட, 4-2 என்று ஜெயித்தோம். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசிய வீரர் நெவில்தான்.

அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா! முதல் பாதியில் யாருக்கும் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகு முதல் கோலைப் போட்டவர் நம்ம நெவில்! நாலு வருஷத்துக்கு முன்னாடி பத்து கோல் போட்டவங்க, இப்ப நமக்குப் பின்னாடி நின்னாங்க. ஆனால் அவர்கள் சுதாரித்துக்கொண்டு 4-1 என்று ஜெயித்தார்கள். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்றோம். நாலாவது இடம்தான் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவை ஜெயிச்சது அதிர்ஷ்டம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அதே மாதம் சிட்னியில் மறுபடி மோதி 7-1 என்று ஜெயித்தோம். அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் போட்டவர்கள் மூன்று பேர், ஆளுக்கு நான்கு. அதில் ஒருவர் நெவில்.

அவர் 1980இல், 47 வயதிலேயே காலமானார். 1960க்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெற்றதே இல்லை.

நம்ம ஸ்போர்ட்ஸ் டேயில கூட நாலாவதா வந்தவன் பேரை மைக்குல சொல்ல மாட்டாங்க. நெவிலின் பேர் மறந்துபோனதுக்கும் அதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. இனிமே காரைக்குடி செம்மண்ணுல நாம பந்து ஆடி எத்தனை கோல்ல தோத்தாலும், பத்து கோல் வாங்குன நம்ம அணி நாலே வருஷத்துல எங்க போய் நின்னுச்சுன்னு நினைச்சுக்குவோம்.


– எட்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு