பூசாத வீடு கட்டிய லாரி பேக்கர்

இந்த மாதம் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் இவரை எடுத்தேன் என்று கடைசியில் சொல்றேன்.

இவர் 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள்கள் 5 மைலுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவர் மனதில் பதிந்துவிட்டது.

1945-இல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்ட இந்தியா வந்தார். 1948-இல் டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலையில் பித்தோராகரில் பல வருஷம் இருந்தார்கள். அங்குள்ள மக்கள் பக்கத்தில் கிடைக்கிற கல், மண், மரத்தாலேயே வீடு கட்டினார்கள். படிச்சவர் இவர்தான், ஆனா பாடம் கத்துக்கிட்டது அவங்ககிட்ட!

பிறகு கேரளா வந்து, திருவனந்தபுரத்தில் நிறைய கட்டடங்கள் கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விடுவார். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சுமார் கால் பங்கு செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயில் சூட்டைத் தடுக்கும். கான்கிரீட் கூரைக்குள் பழைய ஓடுகளைப் பதித்து சிமெண்ட், கம்பி செலவைக் குறைத்தார். மனையில் மரம் நின்றால் வெட்ட மாட்டார், வீட்டைத்தான் தள்ளிக் கட்டுவார். சுவருக்குப் பெரும்பாலும் பூச்சும் கிடையாது. தம்பானூர் ரயில் நிலையம் அருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸ் இவர் கட்டியதுதான். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-இல் தம் 90-ஆம் வயதில் மறைந்தார்.

இப்போ காரணம் சொல்றேன். எங்க வீடும் பூசாத வீடுதான். காசு பத்தாம அப்படியே நின்னுபோச்சு. எப்போ முடிப்பீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. வெட்கப்பட்டு நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. கொத்தனாரான எங்க அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் நாலு சுவரையும் தட்டிப் பார்த்தார். நல்லா வெந்த செங்கல், சந்தெல்லாம் ஒழுங்கா அடைச்சிருந்தா பூச்சு இல்லாமலே நிக்குமாம். மழைச்சாரல் அடிக்கிற மேற்குச் சுவருக்கு மட்டும் பூச்சு வேணுமாம். பின்பக்கம் புது ரூம் எடுக்கும்போது வேப்பமரத்தை வெட்டாம விட முடியுமான்னு கேட்டேன். அளந்து பார்க்கிறேன் என்றார்.

தோழிகளே, வர்ற ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி