எட்டுக் கலை வேறுபாடு

1577-ஆம் ஆண்டில் வானில் தோன்றிய பெரிய வால்மீனைக் காட்ட, கத்தரீனா என்னும் செருமானியத் தாய் தம் சிறு மகனை மேட்டு நிலத்துக்கு அழைத்துச் சென்றார். அம்மகனே யோகான்னஸ் கெப்ளர். இளமையில் கண்ட அம்மை நோய் அவர் பார்வையை மங்கச் செய்தது. வானத்தின் ஒழுங்கை அறியும் வேட்கையோ மங்கவில்லை.

கோள்களின் இடைவெளிகளை ஐந்து ஒழுங்குத் திண்மங்களால் விளக்கி 1596-இல் ஒரு நூல் வெளியிட்டார். அழகிய கருத்து, உண்மை அன்று. 1600-இல் பிராக் நகரில் டைக்கோ பிராகியிடம் சேர்ந்தார். மறு ஆண்டு டைக்கோ மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற அளவீடுகளைக் கொண்டு செவ்வாயின் பாதையைக் கணித்தார். வட்டப் பாதைக் கணக்குக்கும் அளவீட்டுக்கும் எட்டுக் கலையே வேறுபாடு. ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் புறக்கணிக்க அவர் மனம் ஒப்பவில்லை. வட்டத்தைக் கைவிட்டு, 1609-இல் நீள்வட்டத்தை உலகுக்கு அளித்தார்.

1615-இல் அவருடைய தாய்மீது சூனியக்காரி என்னும் பழி எழுந்தது. நோய்க்குக் காரணம் தேடியவர்கள் ஒரு முதியவளைக் கண்டனர். தாய் சிறையில் வாட, கெப்ளர் நேரில் சென்று வழக்காடினார். அந்நோய்களுக்கு இயற்கைக் காரணங்களை எடுத்துக்காட்டினார். 1621-இல் தாய் விடுதலை பெற்றார்.

காரணம் காணும் பசி அயலாருக்கும் அவருக்கும் பொதுவே. கண்ட காரணத்தைச் சான்றின்முன் நிறுத்தியதே அவர் பெருமை. 1630-இல் ரேகன்ஸ்பர்க்கில் அவர் மறைந்தார். போரில் கல்லறையும் அழிந்தது. கோள்கள் இன்றும் அவர் கண்ட வழியிலேயே செல்கின்றன.